கம்பாசிட்டர் பெயர் எங்கே?

இதழ் மறுபடியும் தாமதம். காரணம் புதுசு ஒண்ணுமில்லை, காசுதான். சந்தா அனுப்பிய தோழர்களுக்கு நன்றி. அனுப்பாதவர்களுக்கும் இந்த இதழ் வந்து சேரும். மனசாட்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படிக்கட்டும்.

போன வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "தோழர், இந்தப் புத்தகத்த யாரு செய்யறாங்க?" ஆசிரியர் குழு, எழுதுகிறவர்கள், அட்டைப் படம் போட்டவர் என்று அடுக்கினோம். அவர் விடவில்லை. "எழுதறவங்கள கேக்கல தோழர். செய்யறவங்கள கேட்டேன்."

இந்தத் தலையங்கம் அந்தக் கேள்விக்கானது.

இந்த நாட்டில் அச்சான காகிதத்தில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது சட்டம். 1867-இல் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த அச்சகம் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், அச்சாகும் எதிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருந்தே தீரவேண்டும் என்றது. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தச் சட்டம் போகவில்லை. 150 வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்து, 2024 மார்ச் 1-இல்தான் புதிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்துக்கு இடம் விட்டது. பெயர் கேட்டது மரியாதை செய்வதற்கா? அரசுக்குப் பிடிக்காதது அச்சானால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொள்ள. அதற்கு அச்சக முதலாளியின் பெயர் போதும். எழுத்தைப் பொறுக்கிக் கோத்தவன் பெயர் போலீசுக்கும் வேண்டாம், இலக்கியத்துக்கும் வேண்டாம்.

இன்றைய மாணவர்களுக்குக் கம்பாசிட்டர் என்றால் தெரியாது. சொல்லிவிடுகிறேன். கணிப்பொறி வருவதற்கு முன்னால் ஒவ்வொரு எழுத்தும் ஈயத்தில் வார்த்த ஒரு சின்னத் துண்டு. ஈயத்தோடு ஆன்டிமணியும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அறை அறையாகத் தடுத்த மரத்தட்டுக்குப் பெயர் கேஸ். அதன்முன் நின்றுகொண்டு, இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்து, வலது கையால் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து அடுக்க வேண்டும். எழுத்து கண்ணாடியில் பார்ப்பது மாதிரி திரும்பி இருக்கும். வாசிக்கவும் அப்படியே வாசிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, பெரிசும் சிறிசும். தமிழுக்கு 247. காலும் கொம்பும் தனித்தனி அச்சு. ஆனால் கு, கூ, சு, சூ என்று உகர ஊகார வரிசை முழுக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு அச்சு வேண்டும். கிரந்த எழுத்துகள் வேறு. அச்சான பிறகு அத்தனையையும் பிரித்து அதனதன் அறையில் திருப்பிப் போடணும். அந்தப் பிரிக்கிற வேலையை யாரும் பார்ப்பதில்லை. ஈயம் பட்ட கையோடு சாப்பிட்டவர்கள் உடம்பில் ஈயம் தங்கியது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் இந்த வேலை பார்த்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் படிச்சது அஞ்சாங்கிளாசு. ஆனா பெரிய பெரிய ஆளுங்க எழுத்துப் பிழையெல்லாம் என் கையிலதான் நின்னுச்சி." கையெழுத்துப் பிரதியில் இருந்த பிழையை ஸ்டிக்கிலேயே திருத்திக் கோத்தவர் அவர். எழுதியவருக்கு அது தெரியாது. தெரிந்தால் கோபம் வரும்.

இந்தக் கேஸின் முன்னால் நின்ற கைகளில் ஒன்று பேனாவையும் பிடித்தது. அதைத் தமிழ் இலக்கியம் ஓரளவு நினைவில் வைத்திருக்கிறது: விந்தன். இயற்பெயர் கோவிந்தன். 1916-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து நாவலூரில் பிறந்தவர். நம் காஞ்சிபுரமும் அப்போது அதே மாவட்டம். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. படம் வரைய ஆசைப்பட்டுச் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். வறுமை அங்கேயும் நிற்க விடவில்லை. வயிற்றுக்காக அச்சுக் கோக்கப் போனார். ஆனந்த விகடன் அச்சகத்தில் வேலை. 1941-இல் கல்கி பத்திரிகை தொடங்கியபோது அங்கே. மற்றவர்கள் கதையைக் கோத்த கை சொந்தக் கதையையும் எழுதியது. ஆசிரியர் கல்கி கிருஷ்ணமூர்த்தி கண்டுகொண்டார்; கம்பாசிட்டர் துணையாசிரியர் ஆனார்; விந்தன் என்ற பெயரும் அங்கே கிடைத்ததுதான். 'முல்லைக் கொடியாள்' தொகுதிக்குத் தமிழ் வளர்ச்சிக் கழகப் பரிசு. கல்கியில் 'பாலும் பாவையும்' தொடர்.

இதோடு நிறுத்தினால் இது முன்னேற்றக் கதை. கீழேயிருந்து மேலே வந்தார், பெரிய மனசுக்காரர் கைதூக்கி விட்டார் என்று முடித்துவிடலாம். ஆனால் விந்தன் அப்படி முடிய மறுத்தார். 'வேலை நிறுத்தம் ஏன்?' என்று தலைப்பு வைத்து எழுதியவர் அவர். நடுத்தர வர்க்கத்து வரவேற்பறையில் பத்திரிகை நடந்துகொண்டிருந்த காலத்தில், கூலிக்காரனும் வேலைக்காரியும் பிளாட்பாரத்து மனிதனும் அவர் கதைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அழகு சேர்த்துக் காட்டவும் இல்லை, அவர்களைப் பார்த்து உச்சுக் கொட்டவும் இல்லை. பத்திரிகை வேலையை விட்டுச் சினிமாவுக்குப் போனார். 1954-இல் வந்த 'கூண்டுக்கிளி', எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம், அவர் எழுதியது. அதே 1954-இல் 'மனிதன்' என்று சொந்தப் பத்திரிகை. அது நீண்ட நாள் ஓடவில்லை. சொந்தக் காசில் பத்திரிகை நடத்துகிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் தினமணி கதிரில் வேலை, எம்.ஆர்.ராதாவின் சிறை நினைவுகளைக் கேட்டு எழுதியது. 1975-இல் இறந்தார். அவர் எழுத்து இன்று அரசுடைமை. அவரைப் பேசுகிற மேடைகள் குறைவு.

விந்தன் வாழ்க்கையில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. ஓவியப் பள்ளி, அச்சுக்கூடம், வேலைநிறுத்தம். மூன்றுக்கும் நடுவில் கதவு இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அவர் தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருந்தது. இந்தச் சுவர்களைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

முதலில் கலை. விந்தன் இளைஞராக இருந்த காலத்தில் அந்த ஓவியப் பள்ளிக்குத் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நிற்கிறதே உழைப்பாளர் சிலை, அது அவர் செய்தது, 1959-இல் நிறுவப்பட்டது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். சிங்காரவேலர் 1923-இல் மே தினக் கொடி ஏற்றியதும் சென்னைக் கடற்கரையில்தான். சிலை நல்ல சிலை, சந்தேகமில்லை. ஆனால் உழைப்பு என்றால் பாறையும் திரண்ட தோளும் என்றுதான் கலைக்குத் தெரிந்தது. எட்டு மணி நேரம் நின்றபடி கண்ணைச் சுருக்கி எழுத்துப் பொறுக்குகிற ஒல்லி ஆளுக்கு வெண்கலம் கிடையாது.

பிறகு வந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாக முன்னின்றவர். 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்தையே ஓவியமாக்கினார். எழுத்து மாதிரி இருக்கும், வாசிக்க முடியாது. ஐரோப்பாவைப் பார்த்து வரைவதிலிருந்து விடுபடும் வழி அது அவருக்கு, மதிக்கிறேன். ஆனால் வாசிக்கவே விடாமல் தலைமுறை தலைமுறையாக விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளை அந்த ஓவியத்தின் முன்னால் நின்றால் வேறொன்று தோன்றும். வாசிக்க முடியாத எழுத்து எங்கள் தாத்தாவுக்குப் புதுசு இல்லீங்க. அவருக்கு எல்லா எழுத்துமே அப்படித்தான் இருந்தது.

சிறுபத்திரிகைகளைப் பாருங்கள். 1959-இல் 'எழுத்து'. 1970-இல் 'கசடதபற'. பிறகு ஆத்மாநாமின் 'ழ'. எழுத்தையே பெயராக வைத்துக்கொண்ட இயக்கம் இது. நவீன ஓவியர்களை உள்ளே கொண்டுவந்தது, ஆதிமூலத்தின் கோடுகளுக்குத் தமிழ் வாசகனைப் பழக்கியது. பெரிய காரியம். அட்டையில் ஓவியர் பெயர் உண்டு. அந்தக் க-வையும் ச-வையும் கோத்த விரலின் பெயர் எந்தப் பக்கத்தில்?

இது எங்கும் இப்படித்தானா என்றால், இல்லை. ஜெர்மனியில் யான் சிகோல்ட் என்று ஒருவர். லைப்சிக்கில் பெயர்ப்பலகை எழுதுகிறவரின் மகன். 1923-இல் வைமாரில் பவுஹவுஸ் கண்காட்சியைப் பார்த்து மனம் மாறியவர். அலங்காரம் வேண்டாம், சமச்சீர் வேண்டாம், எழுத்து வேலைக்காக நிற்கட்டும் என்ற புதிய அச்செழுத்துக் கலையை முன்வைத்தார். 1925-இல் அந்தப் பிரகடனம் வெளியானது ஓவியக் கூடத்தின் மலரில் இல்லை, அச்சுத் தொழிலாளர் கல்விச் சங்கத்தின் பத்திரிகையில், சிறப்பிதழாக. 1928-இல் அவர் புத்தகத்தை வெளியிட்டதும் அதே சங்கம்தான். அதாவது ருஷ்ய, ஜெர்மானிய நவீன ஓவியர்களின் பரிசோதனையைத் தொழிற்சங்கம் தன் உறுப்பினர் கையில் பாடமாகக் கொடுத்தது. கூலி கேட்கிறவனுக்குக் கலையும் கேட்க உரிமை உண்டு என்று ஒரு சங்கம் நினைத்தது. 1933-இல் நாஜிகள் வந்ததும் சிகோல்டைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வெளியே வந்து சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். எழுத்தின் அமைப்பை மாற்றுகிறவன் ஆபத்தானவன் என்று பாசிசத்துக்குப் புரிந்தது. பின்னாளில் சிகோல்ட் தன் பழைய கொள்கையின் கறாரான குரலையே சந்தேகப்பட்டுப் பழைய முறைக்குத் திரும்பினார். அது அவர் கதை. நமக்கு வேண்டியது அந்த 1925: கலையும் சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்த நாள்.

தமிழில் அந்த நாளுக்குக் கிட்டத்தில் வருவது எது? என்னைக் கேட்டால் 1935 என்பேன். அந்த வருஷம் குடிஅரசில் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று இன்று நாம் எழுதுகிற உருவங்கள் அப்போது வந்தவை. பழைய அச்சில் இவற்றுக்கெல்லாம் சுழித்தும் வளைத்தும் தனித்தனி உருவம், தனித்தனி அச்சு, கேஸில் தனித்தனி அறை. புனிதம் போச்சு என்று பண்டிதர்கள் கத்தினார்கள். 43 வருஷம் கழித்து 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு 13 எழுத்துகளில் அதை ஏற்றது. கலை விமர்சகர்கள் யாரும் இதை நவீன கலை என்று எழுதியதில்லை. ஆனால் எழுத்தின் உருவத்தில் கை வைத்து, படிக்கிற குழந்தைக்கும் கோக்கிற தொழிலாளிக்கும் சுமை குறைத்த காரியம் நவீன கலை இல்லையென்றால் வேறு எது? எழுத்து தெய்வம் தந்தது என்றவன் அதைத் தொடமாட்டான். எழுத்தை ஈயமாகக் கையில் பார்த்தவனுக்கு அது கருவி. கருவி சரியில்லை என்றால் ராவி சரிசெய்யலாம்.

இனி சங்கம். இங்கே நாம் கொஞ்சம் கசப்பாகப் பேசியாக வேண்டும்.

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. அதில் முன்நின்ற திரு.வி.க. பத்திரிகைக்காரர், தேசபக்தனும் நவசக்தியும் நடத்தியவர். அச்சும் சங்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது. ஆனால் 1921-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தம் நடந்தபோது புளியந்தோப்பில் நம் சனங்களின் குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தத்தில் சேராதவர்கள் என்பது குற்றச்சாட்டு. ஏன் சேரவில்லை, சங்கத்தில் அவர்களுக்கு என்ன இடம் இருந்தது, மாதக்கணக்கில் வேலை இல்லாமல் உட்கார அவர்களிடம் என்ன கையிருப்பு இருந்தது என்று எம்.சி.ராஜா போன்றவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தொழிற்சங்க வரலாற்றில் அடிக்குறிப்பு அளவுக்குத்தான் இடம்.

பம்பாய் ஆலைகளைப் பாருங்கள். நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அங்கே தீண்டத்தகாதவருக்கு இடம் இல்லை. காரணம், அறுந்த நூலை எச்சில் தொட்டு ஒட்ட வேண்டும், அந்த எச்சில் தீட்டு. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைக் கம்யூனிஸ்ட் தலைவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். 1938-இல் மன்மாடில் ரயில்வேத் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில், தொழிலாளிக்குப் பகைவர் இரண்டு பேர், பார்ப்பனியமும் முதலாளியமும் என்று அறிவித்தார். நெசவு ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கிறபோது நூல் சும்மா நூலாகத் தெரிவதில்லை.

அதனால்தான் நம் முன்னோர் சங்கத்துக்காகவும் காத்திருக்கவில்லை, கலைக்காகவும் காத்திருக்கவில்லை. அச்சைக் கையில் எடுத்தார்கள். இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893-இல் 'பறையன்' என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். வசவாக எறிந்த சொல்லை எடுத்து முகப்பு எழுத்தாகக் கோத்தார். முன்னணிக் கலை என்று எதைச் சொல்கிறீர்களோ, அதன் துணிச்சல் அந்த ஒரு தலைப்பில் இருக்கிறது. 1907 ஜூன் 19-இல் அயோத்திதாசர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். விலையையே பெயராக்கினார், யாருக்கான பத்திரிகை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். 1914-இல் அவர் இறந்த பிறகு அந்த மரபு கோலார் தங்கவயலில் தொடர்ந்தது. பூமிக்கடியில் தங்கம் வெட்டியவர்களின் ஊரில் பௌத்த சங்கம், அச்சு, புத்தகசாலை. அதே தங்கவயலில் 1930-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கைரேகை பதிய மாட்டோம் என்று. தோழர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எழுத்தை அச்சில் கோத்த சனம் கட்டைவிரலை மையில் தோய்க்க மறுத்தது. அச்சுக்கலைக்கும் தொழிற்சங்கத்துக்கும் நடுவில் கதவு இருந்த இடம் நம் வரலாற்றில் அதுதான். அந்தக் கதவைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியல்கூட நம்மிடம் முழுசாக இல்லை.

இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கைலாசநாதர் கோயில் சுற்றுச் சுவரில் ராஜசிம்மப் பல்லவனின் விருதுப் பெயர்கள் இருநூற்றுக்கு மேல் வெட்டியிருக்கின்றன. ஒரே பட்டப்பெயர் வேறு வேறு எழுத்து வடிவங்களில், பூவேலை போட்ட மாதிரி. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எழுத்தை வைத்து அந்த விளையாட்டு விளையாடியவன் இந்த ஊர் முதல் அச்சுக்கலைஞன். ராஜாவுக்கு இருநூறு பேர். அவனுக்கு ஒண்ணுகூட இல்லை. தெருவுக்கு வாருங்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் ஊருக்கு. புடவை மடிப்பில் கடையின் பெயர். ஜக்கார்டு அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி மயிலைக் கொண்டுவந்தவர், குழியில் கால் விட்டு நெய்தவர், கோர்வைக்குப் பக்கத்தில் நின்று கரை போட்ட பிள்ளை – யார் பெயரும் இல்லை. அண்ணா 1942-இல் இதே ஊரிலிருந்து 'திராவிட நாடு' கொண்டுவந்தார். அந்தப் பக்கங்களின் அடுக்குமொழியை மேடையில் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. அத்தனை அடுக்கையும் ஈயத்தில் அடுக்கியவர்களைச் சொல்ல ஆள் இல்லை.

நான் வங்கி எழுத்தர். அந்தப் பதவியின் பெயரிலேயே எழுத்து இருக்கிறது. மாசச் சம்பளம் ஒழுங்காக வருவதற்குக் காரணம் சங்கம். 1946-இல் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் தொடங்கி, தெருவில் இறங்கி, 1966-இல் முதல் இருதரப்பு ஒப்பந்தம் வாங்கியது. அந்தச் சம்பளத்தில் கவிதை எழுதுகிறேன், இந்த இதழுக்குக் காகிதம் வாங்குகிறேன். பெரிய நாளிதழ்களின் ஊழியர்களுக்கும் ஊதியக் குழுக்கள் வந்தன, மஜீதியா குழு வரை. தெருமுனை அச்சகத்தில் நாலு பேரில் ஒருவராக நின்றவருக்கு எதுவும் எட்டவில்லை. நாலு பேர் கூடினால் சங்கம் இல்லை, முதலாளிக்கு உறவுக்காரன் மாதிரி இருக்கணும். கம்ப்யூட்டர் வந்தபோது அவருக்கு நோட்டீசும் கிடையாது, பணிக்கொடையும் கிடையாது. ஈய எழுத்தைக் கிலோ கணக்கில் போட்டார்கள். கூடவே அவர் விரலில் இருந்த அறிவையும்.

இன்று அந்த இடத்தில் யார்? டி.டி.பி. சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று தட்டச்சு செய்கிற பெண்கள். பக்கம் அமைக்கிற பையன். பிளேட் போடுகிறவர், ஆப்செட் ஓட்டுகிறவர், மடித்துத் தைத்து ஒட்டுகிறவர். இப்போது சில நகரங்களில் பழைய ஈய எழுத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் எழுத்து கலைப்பொருள் ஆகி, எழுத்தைத் தொட்டவர் ஆளே இல்லாமல் போவது நமக்குப் பழக்கமான ஏற்பாடு. கோயிலைக் கட்டினவன் வெளியே நிற்கிற ஏற்பாடு அது.

ஆசிரியர் குழு கூடி மூன்று முடிவு எடுத்திருக்கிறது.

ஒன்று. இந்த இதழிலிருந்து முதல் பக்கத்தில், சட்டம் கேட்கிற பெயரோடு சட்டம் கேட்காத பெயர்களும் வரும். தட்டச்சு, பக்க அமைப்பு, மெய்ப்பு, பிளேட், அச்சு, கட்டு – அவரவர் சம்மதத்தோடு. ஆசிரியர் பெயருக்கு என்ன அளவு எழுத்தோ அதே அளவு.

இரண்டு. படைப்புக்குச் சன்மானம் தர முடியாத இதழ் இது, எழுதுகிற தோழர்களுக்கு அது தெரியும். ஆனால் செய்கிறவர்களுக்குக் கூலி பாக்கி வைத்துவிட்டு இதழ் கொண்டுவருவதில்லை. காசு இல்லையென்றால் பக்கம் குறையும், அல்லது இதழ் தாமதமாகும். இந்தத் தாமதம் அப்படி வந்ததுதான்.

மூன்று. இது மாணவத் தோழர்களுக்கான வேலை. உங்கள் ஊரில், உங்கள் தெருவில், ஒருவேளை உங்கள் வீட்டிலேயே ஒரு கம்பாசிட்டர் இருப்பார். எழுபதைத் தாண்டியிருப்பார். போய் உட்காருங்கள். எந்த அச்சகம், என்ன கூலி, சங்கம் இருந்ததா, இருந்தால் அதில் அவரை எங்கே உட்கார வைத்தார்கள், சாதி கேட்டார்களா, தண்ணீர்ப் பானை ஒன்றா இரண்டா, எந்த நோட்டீசைக் கோத்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது, எதைக் கோக்க மாட்டேன் என்று சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் கோத்தார் – கேளுங்கள். அவர் பேசுகிற பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள், இலக்கணத்துக்குத் திருத்தாதீர்கள். அடுத்த இதழில் பாதிப் பக்கம் அவர்களுக்கு.

தாமதிக்க வேண்டாம். ஈயம் போய்விட்டது. ஆட்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.